ஆவிச் சட்டியில் கடல் சாப்பாடு: வருவதற்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், மண்டபம் பக்கம் இருக்கிறது எங்கள் கடை. மேசை நடுவில் ஆவிச் சட்டி, அதாவது ஸ்டீம் பாட், கொதித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு வந்த மீன், நண்டு, இறாலை நீங்களே பார்த்து எடுத்துக்கொடுத்தால், கழுவிக் கொண்டுவந்து உங்கள் கண் முன்னாலேயே அவித்துத் தருவோம். போனில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஸ்டீம் பாட் என்கிறீர்களே, அது என்ன மாதிரி சாப்பாடு?

மேசையில் ஒரு குழி, அதில் பதித்த அகலமான சட்டி. சட்டியின் அடியில் கஞ்சி கொதிக்கும். அதற்கு மேலே துளை போட்ட தட்டு, தட்டின் மேல் மீனோ நண்டோ, எல்லாவற்றையும் மூடிய கண்ணாடி மூடி. இட்லிக் கொப்பரையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் அவிகிற மீனிலிருந்து வடிகிற சாறு வீணாகாமல் கீழே இருக்கும் கஞ்சியில் விழுகிறது. கடைசியில் அந்தக் கஞ்சியைக் குடித்து முடிப்பது வழக்கம்.

தென் சீனாவில் குவாங்டாங் பக்கத்துச் சமையல் இது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போய் வந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. நாங்களும் அங்கே வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டதுதான். கஞ்சியும் தொட்டுக்கொள்வதும் மட்டும் நம் ஊர் முறைக்கு மாறியிருக்கின்றன.

எண்ணெய், மசாலா, மாவு எதுவும் மீன் மேல் படாது. பொரித்த மீனில் மிளகாய்த்தூளும் எண்ணெயும் பல குறைகளை மூடிவிடும். ஆவிக்கு அந்த வேலை தெரியாது. நேற்றைய மீனை அவித்தால் மூடியைத் திறந்ததும் மேசை முழுக்க வாடை சொல்லிவிடும். எங்கள் கடையின் மற்ற வழக்கங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

மெனு கார்டு ஏன் இல்லை?

காலையில் என்ன வந்தது என்று தெரியாமல் எழுத முடியாது. கரும்பலகையில் அன்றன்றைக்கு எழுதுகிறோம். தீர்ந்ததை அழித்துவிடுவோம்.

இந்தக் கரையின் கதை மற்ற ஊர்களைப் போல இல்லை. இந்தப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு கரை சேர்ந்த காலையில் இறாலும் கணவாயும் நிறைய இருக்கும். நாட்டுப்படகு நாளில் அளவு குறைவு, ஆனால் நண்டும் பாறை ஓரத்து மீனும் அருமையாக வரும். எனக்குப் பிடித்தது நாட்டுப்படகு நாள்தான். சில மணி நேரத்துக்கு முன் வலையில் விழுந்த மீன் ஐஸ் பெட்டிக்குள் அதிகம் கிடக்காமல் நேராக வந்துவிடும்.

அப்புறம், நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடல் ஆழம் குறைந்தது. சேறும் கடற்புல்லும் நிறைந்த தரை என்பதால் நண்டுக்கும் இறாலுக்கும் நல்ல இடம். தென்கடலில் ஆழமும் பவளப்பாறையும் உண்டு, அதனால் பாறை மீன்கள் அங்கிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்து வடகடல் கொந்தளித்தால் தென்கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் கைகொடுக்கும். பலகையில் எழுதியிருப்பது மாதத்துக்கு மாதம் மாறுவதற்குக் காரணம் இதுதான். புயல் எச்சரிக்கையில் இரண்டு பக்கமும் படகு போகாவிட்டால் கடையைத் திறக்க மாட்டோம்.

அவிப்பதற்கு எந்த மீன் நல்லது?

விளைமீன், கொடுவா, கலவா, ஓரா, நகரை, கிழங்கான். இவை எல்லாம் வெள்ளைச் சதை, கொழுப்பு அளவானது, அவித்தால் ஏடு ஏடாகப் பிரியும். இரண்டு பேருக்கு அரைக் கிலோ அளவில் ஒரு முழு மீன் போதும். தலையோடு அவிப்பதுதான் முறை. கன்னத்துச் சதையை விட்டுவிடாதீர்கள், மீனில் மிக மென்மையான இடம் அது.

கடல் விரால் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தடித்த துண்டு, முள் தொல்லை இல்லை. மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில்தான் இந்தியாவில் முதல்முறையாக 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அதன் பிறகு கூண்டில் வளர்ப்பதும் நடக்கிறது. கூண்டு மீன் என்று சிலர் தயங்குகிறார்கள். அவித்துச் சாப்பிட அது கொஞ்சமும் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

சாளை, சூடை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன்களைச் சட்டியில் வைப்பதில்லை. அவை குழம்புக்கும் பொரிப்பதற்கும் பிறந்தவை. சூரை, கானாங்கெளுத்தி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு எல்லாம் அதனால் வரும். எவ்வளவு நேரம் அவித்தாலும் அது போகாது. வீட்டுக்கு வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

மீன் புதுசுதானா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டுப் பாருங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கண் தெளிவாக, கொஞ்சம் வெளியே துருத்தியிருக்க வேண்டும். குழிந்து பால் படிந்த மாதிரி இருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு தெரிய வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். இறாலுக்குத் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, கருக்கவில்லையா என்று பாருங்கள். வாடையும் முக்கியம். புது மீனில் கடல் மணம் இருக்கும், கவிச்சி மூக்கில் அடிக்காது.

நண்டு எது எடுப்பது? ஆணா, பெண்ணா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது.

இங்கே இரண்டு வகை. ஒன்று வடகடலில் வலை போட்டு எடுக்கிற நீல நண்டு. ஆணுக்கு நீலமும் வெள்ளைப் புள்ளியும், நீண்ட கொடுக்கும் இருக்கும். பெண் பழுப்பு கலந்த பச்சை நிறம். திருப்பிப் பார்த்தால் வயிற்று மடல் ஆணுக்குக் குறுகலாகவும் பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும். இந்த நண்டின் சதையைப் பிரித்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்கூடங்கள் மண்டபம் பக்கம் உண்டு. ஏராளமான பெண்களுக்கு அதுதான் வேலை. நல்ல நண்டு ஏலத்துக்கு வந்ததும் அங்கே போய்விடுவதால் அதே விலையைக் கொடுத்துத்தான் நாங்களும் வாங்குகிறோம். பலகையில் நண்டு விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று சேற்று நண்டு. காரங்காடு போல அலையாத்திக் காடு உள்ள முகத்துவாரங்களில் கிடைப்பது. உயிரோடு, கொடுக்கைக் கட்டி வரும். ஓடு தடிமன், சதை கெட்டி, விலையும் கூட.

ஆண் நண்டில் கொடுக்குச் சதை அதிகம். பெண் நண்டில் உள்ளே மஞ்சள் சினை இருக்கும், அதை விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. ஓட்டுக்குள் இருக்கிற சினை வேறு, வயிற்றுக்கு வெளியே கொத்தாக முட்டை சுமக்கும் நண்டு வேறு. வெளியே முட்டை சுமக்கும் நண்டை நாங்கள் வாங்குவதே இல்லை. லட்சக்கணக்கில் முட்டை சுமந்து நிற்கிற நண்டை இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வருஷம் வலைக்கு என்ன வரும்? எவ்வளவு பணம் கொடுத்தாலும் கேட்காதீர்கள்.

நிலா வெளிச்ச நாட்களில் நண்டு பொக்கையாக இருக்கும் என்று மீனவர்கள் சொல்வார்கள். பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட நண்டுக்குள் சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்வாங்கினால் வைத்துவிடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு நண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுப்பது இன்னும் சுலபம்.

சேற்று நண்டை உயிரோடு சூட்டில் வைத்தால் கால்களை உதிர்த்துவிடும். அதனால் முதலில் ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் வெட்டுவோம். கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் வைப்பது? எவ்வளவு நேரம்?

மேசைக்கு வருகிற அக்கா பார்த்துக்கொள்வார். தெரிந்துகொள்ள விரும்பினால் வரிசை இதுதான்: முதலில் மட்டி, அப்புறம் இறால், அப்புறம் நண்டு, அதன் பின் மீன், கடைசியில் கணவாய்.

மட்டி வாய் திறந்ததும் எடுத்துவிட வேண்டும், நாலைந்து நிமிஷம். நடுத்தர இறாலுக்கும் அவ்வளவுதான். இறால் லேசாக வளைந்திருக்கும்போதே எடுங்கள். சுருண்டு தலையும் வாலும் தொட்டுவிட்டால் ரப்பராகிவிட்டது என்று அர்த்தம். நீல நண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், பெரிய சேற்று நண்டுக்குப் பதினைந்துக்கு மேல். அரைக் கிலோ மீனுக்கு எட்டிலிருந்து பத்து நிமிஷம். கணவாய்க்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

ஒரு வேண்டுகோள்: அவிந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஆவி மீனின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது விடுகிற சூடுதான் அதை வேகவைக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஆவி போய்விடும், நேரக்கணக்கு குழம்பும். திறக்கும்போது மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். ஆவி பட்டால் கொதிநீர் பட்டதை விட மோசமாகச் சுடும்.

கீழே இருக்கிற கஞ்சியில் என்ன சேர்க்கிறீர்கள்?

பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், இஞ்சி. நோன்புக் கஞ்சி குடித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சாயல் தெரியும், கறி மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் உப்பு போட மாட்டோம். நண்டும் மட்டியும் விடுகிற சாற்றிலேயே உப்பு இருக்கிறது. எல்லாம் அவிந்து முடிந்ததும் ருசி பார்த்துத் தேவையென்றால் சேர்ப்போம். கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரையும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டு இறக்குவோம்.

வயிற்றில் கட்டாயம் இடம் வையுங்கள். மீனையும் இறாலையும் சாப்பிட்டுவிட்டுக் கஞ்சியைத் தொடாமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். முழுச் சாப்பாட்டின் சாரமும் அதில்தான் இறங்கியிருக்கிறது.

மசாலா இல்லாமல் நம் நாக்குக்குச் சப்பென்று இருக்காதா?

தொட்டுக்கொள்ள மூன்று வகை வைக்கிறோம். முதலாவது, ராமநாதபுரம் முண்டு மிளகாயைச் சுட்ட பூண்டோடும் உப்போடும் அரைத்து எலுமிச்சை பிழிந்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் இந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரத்தை விட மணமும் நிறமும் அதிகம், அதனால் மீனின் ருசியை அமுக்காது. இரண்டாவது, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை. மூன்றாவது, இஞ்சியும் சோயா சாஸும் கலந்த சிங்கப்பூர்ப் பாணி. கேட்டால் மாசிக் கருவாட்டுச் சம்பலும் தருவோம், கஞ்சிக்கு அது பொருத்தம்.

முதல் வாய் எதையும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். புது நண்டில் ஓர் இனிப்பு இருக்கும்.

மட்டி எப்போதும் கிடைக்குமா?

கிடைக்காது. மழை கொட்டி ஆற்று நீர் கலங்கி வருகிற நாட்களில் வாங்க மாட்டோம். மட்டி தண்ணீரை வடிகட்டி உண்ணுகிற உயிர், தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும். கடல் நிறம் மாறினாலும் நிறுத்திவிடுவோம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலுகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அவித்த பிறகும் வாய் திறக்காத மட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடை உண்டா?

உண்டு, சின்ன அளவில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவர்கள் கொண்டுவருவதை வைத்து நடத்துவோம். மேசைகளைக் குறைத்துவிடுவோம், விலை கூடும், இறால் அபூர்வம். வெளியூரிலிருந்து உறைய வைத்த மீன் வாங்கி ஒப்பேற்றுவதில்லை. முதல் முறை வருகிறவர்கள் தை, மாசியில் வந்தால் நல்லது. பனங்கிழங்கும் அப்போதுதான் கிடைக்கும், அதையும் அவித்து வைப்போம்.

கடல் அட்டை கிடைக்குமா? வெளிநாட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

கிடைக்காது. 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆமை, கடல் குதிரை, கடல் பசு எல்லாவற்றுக்கும் இதேதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்தப் பாறைகளும் கடற்புல்லும் இருப்பதால்தான் நம் வலைக்கு மீன் வருகிறது. யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

எனக்கு இறால் ஒவ்வாமை. மீன் மட்டும் சாப்பிட வரலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். இறால், நண்டில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் சூட்டில் அழிவதில்லை. தட்டும் கஞ்சியும் பொதுவானவை மட்டுமல்ல, அவிகிற ஆவியிலேயே அது காற்றில் கலக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த ஆவியை மூச்சில் இழுப்பதே ஆபத்தாகலாம். பக்கத்து மேசைகளில் எப்போதும் நண்டு வெந்துகொண்டிருக்கும். உங்களைத் திருப்பி அனுப்ப மனசில்லைதான், ஆனாலும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஹலாலா?

கடையில் இறைச்சியும் மதுவும் கிடையாது, கடல் உணவு மட்டும்தான். இஸ்லாத்தில் ஷாஃபி, ஹனஃபி என்று சட்ட வழிகள் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஷாஃபி குடும்பங்கள் எல்லாமே சாப்பிடுகிறார்கள். ஹனஃபி வழியில் வந்தவர்கள் நண்டும் கணவாயும் தவிர்ப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் மீன் மட்டும் வைக்கிற தனிச் சட்டி தருவோம், கஞ்சியும் புதிதாக வைப்போம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட வந்தால்?

கோயிலுக்கு வந்து திரும்புகிற குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும். தனிச் சட்டியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சோளம், காளான், கீரை அவித்துத் தருவோம். ஆனால் கடை முழுக்க மீன் மணம்தான். அது ஒத்துக்கொள்ளாதவர்களை அழைத்து வந்து கஷ்டப்படுத்த வேண்டாம்.

குழந்தைகளுக்கு?

கிழங்கான். முள் குறைவு, சதை மென்மை. மேசை நடுவில் சூடு இருப்பதால் சின்னப் பிள்ளைகளைச் சட்டியிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள்.

விலை எப்படி?

எடை போட்டு. சுத்தம் செய்வதற்கு முன் உங்கள் முன்னால் நிறுப்போம், கிலோ விலை பலகையில் இருக்கும். சட்டி, கஞ்சி, தொட்டுக்கொள்வதற்கு ஆளுக்கு ஒரு தொகை. நான்கு பேருக்கு ஒரு கிலோ மீன், அரைக் கிலோ இறால், நாலு நண்டு தாராளம். அதற்கு மேல் எடுத்தால் நாங்களே தடுப்போம். கூடுதலாக வேண்டுமென்றால் நடுவில் எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

நாங்களே மீன் வாங்கி வந்தால் அவித்துத் தருவீர்களா?

அன்றைக்குக் காலையில் வாங்கி ஐஸில் வைத்ததென்றால் சரி. சட்டிக்கான தொகை மட்டும் போதும். மீனைப் பார்த்து எங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அவிக்க மாட்டோம், வருத்தப்படக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு?

தேங்காய்ப்பால் ஊற்றிய கடல்பாசி, கீழக்கரை தொதல். கோடையில் நுங்கு.

மீந்ததைப் பார்சல் தருவீர்களா?

அவித்த மீனும் நண்டும் தர மாட்டோம். இந்த ஊர் வெயிலில் காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் கெட்டுவிடும். கஞ்சியை மட்டும், உள்ளூர்க்காரர்கள் தூக்குவாளி கொண்டுவந்தால் ஊற்றித் தருவோம்.

எப்போது வருவது? முன்பதிவு வேண்டுமா?

மதியம் பன்னிரண்டரை மணிக்குள் வந்தால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் மிச்சம் இருப்பதைத்தான் தர முடியும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பாம்பன் பாலத்துச் சாலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும், அன்றைக்கு ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் நேரத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மேசையை முந்தின நாளே ஒதுக்கி வைப்போம். மீனை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் போன் செய்தால், ஏலம் முடிந்து அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.